தைராய்டு மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் மூளையைக் கெடுக்குமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 28 வயது. முதல் கர்ப்பம், இப்போது 14 வாரம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. எட்டாவது வாரத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 8.6, ஃப்ரீ டி4 நார்மல், ஆன்ட்டி டிபிஓ பாசிட்டிவ் என்று வந்தது. டாக்டர் தைராக்ஸின் 50 மைக்ரோகிராம் எழுதினார். லேசாக ரத்தக் கசிவு இருந்ததால் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் கொடுத்தார். இரண்டு வாரம் ஒழுங்காக எடுத்தேன். அப்புறம் என் நாத்தனார் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினார். கர்ப்பத்தில் ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் குழந்தையின் மூளை மாறிவிடும், ஆட்டிசம் வரும், ஆண் பிள்ளை பெண் சாயலாகவும் பெண் பிள்ளை ஆண் சாயலாகவும் வளரும் என்று அதில் இருந்தது. அத்தையும் "நாங்கள்லாம் மாத்திரை சாப்பிட்டா பிள்ளை பெத்தோம்" என்றார்கள். பயந்துபோய்த் தைராய்டு மாத்திரையை நிறுத்தி மூன்று வாரம் ஆகிவிட்டது. கரு கலைந்துவிடுமோ என்ற பயத்தில் புரோஜெஸ்டிரோனை மட்டும் விடவில்லை. போன வாரம் ஸ்கேனுக்குப் போனபோது நர்ஸ் அக்கா, "தைராய்டு மாத்திரை பிள்ளையோட மூளைக்குத்தானே குடுக்கிறாங்க, அதையா நிறுத்தினே?" என்று கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. என் பிள்ளையின் மூளையை நானே கெடுத்துவிட்டேனா? விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டு இரண்டாகப் போடலாமா? நான் கவலைப்படுவதாலும் குழந்தைக்குப் பாதிப்பு வரும் என்கிறார்களே? வீட்டில் உப்பளத்துக் கல் உப்புதான் சமையலுக்கு, அதனால்தான் தைராய்டு வந்ததா? (பெயர் வேண்டாம்)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் மாத்திரை. நாளைக் காலையே மறுபடி ஆரம்பித்துவிடுங்கள். ஒன்றே ஒன்று, உங்கள் டாக்டர் எழுதிய அதே 50. இரண்டு வேண்டாம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முடிந்தால் லேபுக்குப் போய் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4 (ரத்தத்தில் ஓடும் தைராய்டு ஹார்மோன்) இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து போடுங்கள். லேப் தூரம், கூட்டிப்போக ஆள் இல்லை என்றால் டெஸ்ட்டுக்காக மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள், போட்டுவிட்டு அந்த வாரத்துக்குள் டெஸ்ட் எடுத்தால் போதும். ரிப்போர்ட்டோடு உங்கள் டாக்டரைப் பார்க்கும்போது மூன்று வாரம் நிறுத்தியிருந்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்று பயந்து பலர் சொல்வதில்லை. சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றால், 50 போட்டும் டிஎஸ்எச் இறங்கவில்லை என்று நினைத்து அவர் டோஸைக் கூட்டிவிடுவார், நீங்களும் அதை ஒழுங்காகப் போட ஆரம்பிப்பீர்கள், அடுத்த மாதம் அளவு மீறி நிற்கும்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். நாத்தனார் அனுப்பிய செய்தியில் ஒரு பாதி உண்மை, அதனால்தான் அது இவ்வளவு தூரம் உங்களை ஆட்டிவைத்திருக்கிறது. கருவில் இருக்கும் குழந்தைக்குக் கிடைக்கிற ஹார்மோன் அதன் மூளை வளர்ச்சியில் கைவைக்கும் என்பது சரிதான். ஆனால் எந்த ஹார்மோன், எவ்வளவு, எந்த வாரத்தில் என்கிற மூன்றையும் விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். தைராய்டு ஹார்மோன் விஷயத்தில் உண்மை அந்தச் செய்திக்கு நேர் எதிர். அது இல்லாமல்தான் மூளை வளராது.

உங்கள் பிள்ளைக்கு என்று ஒரு தைராய்டு சுரப்பி கழுத்தில் உருவாகிவிட்டது, ஆனால் அது இன்னும் சரியாக வேலைக்கு வரவில்லை. 10-12 வாரத்தில்தான் அது அயோடினை இழுக்கத் தொடங்கும், தன் தேவைக்கு ஓரளவு சுரக்க 18-20 வாரம் ஆகிவிடும். மூளை அதுவரை காத்திருப்பதில்லை. அதன் உட்புறத்தில், நீர் நிறைந்த அறைகளின் ஓரத்தில் நரம்பணுக்கள் பிறந்து, அங்கிருந்து வெளிப்பரப்பை நோக்கி நகர்ந்து போகின்றன. முன்னால் போனவை கீழ் அடுக்கில் உட்காரும், பின்னால் வருபவை அவற்றைத் தாண்டிப்போய் மேல் அடுக்கில் உட்காரும், இப்படித்தான் மூளையின் புறணி ஆறு அடுக்காக உருவாகிறது. இந்த நகர்வில் பெரும்பகுதி நீங்கள் இப்போது கடந்துகொண்டிருக்கிற மாதங்களில் நடக்கிறது. எந்த மரபணு எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று அந்த அணுக்களுக்குச் சொல்கிற பொருட்களில் ஒன்று டி3 என்கிற தைராய்டு ஹார்மோன். அந்த டி3-ஐக் குழந்தையின் மூளை உங்கள் ரத்தத்திலிருந்து வருகிற டி4-ஐ வைத்துத்தான் தயாரித்துக்கொள்கிறது. நஞ்சுக்கொடி டி4-இல் பெரும்பகுதியை உடைத்துவிட்டுக் கொஞ்சத்தைத்தான் உள்ளே விடும், அந்தக் கொஞ்சம் போய்ச் சேர்ந்தவுடன் மூளைக்குள் இருக்கும் ஒரு நொதி அதை டி3 ஆக மாற்றிவிடும். உங்களுக்கு எழுதியிருக்கிற தைராக்ஸின் மாத்திரை என்பது அதே டி4தான், உங்கள் கழுத்துச் சுரப்பி சுரப்பதும் அதுவும் ஒரே மூலக்கூறு. (இயற்கை தைராய்டு, மிருகச் சுரப்பியிலிருந்து எடுத்தது என்று இணையத்தில் விற்கிறார்கள், அதில் டி3 அதிகம், கர்ப்பத்தில் அது வேண்டாம்.)

தாயின் ஹார்மோன் நிஜமாகவே பிள்ளைக்குப் போகிறதா என்று ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே சந்தேகம் இருந்தது. 1989-இல் நெதர்லாந்து மருத்துவர்கள், பிறவியிலேயே சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் துளியும் தயாரிக்க முடியாத குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைப் பார்த்தார்கள். சாதாரணக் குழந்தைகளில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் பாதி வரை டி4 அதில் இருந்தது. தாயைத் தவிர வேறு எங்கிருந்தும் அது வந்திருக்க முடியாது. ஸ்பெயினின் மாட்ரிட்டில் கப்ரியெல்லா மொரியாலே தே எஸ்கோபார் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் எலிகளில் செய்த ஆய்வுகள் இதற்கு இன்னும் வலு சேர்த்தன. தாய் எலிக்கு டி4 கொஞ்சம் குறைந்தாலே, குட்டிகளின் மூளைப் புறணியில் சில அணுக்கள் போய்ச் சேர வேண்டிய அடுக்குக்குப் போகாமல் வழியிலேயே தங்கிவிட்டிருந்தன.

மனிதர்களில் இதன் கொடூரமான முகம் அயோடின் இல்லாத மலைநாடுகளில் தெரிந்தது. பப்புவா நியூ கினியின் ஜிமி பள்ளத்தாக்கில் காது கேளாத, பேச்சு வராத, கால்கள் விறைத்த, அறிவு வளர்ச்சி மிகவும் குன்றிய குழந்தைகள் ஏராளமாகப் பிறந்துகொண்டிருந்தார்கள். 1966-இல் அங்கே குடும்பங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அயோடின் கலந்த எண்ணெயை ஊசியாகப் போட்டார்கள். ஊசி போடாத பக்கம் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேருக்கு அந்தக் குறைபாடு. போட்ட பக்கம் 498 பேரில் 7 பேருக்கு. அந்த ஏழிலும் ஆறு பேரின் தாய்மார்கள் ஊசி போட்ட சமயத்தில் ஏற்கனவே கர்ப்பமாக இருந்தவர்கள். அதாவது கர்ப்பத்துக்கு முன்பே அயோடின் கிடைத்தவர்களின் பிள்ளைகள் கிட்டத்தட்ட எல்லோரும் தப்பித்தார்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களைப் பற்றி எங்கள் துறையில் இவ்வளவு பிடிவாதமாகப் பேசுவதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

இதைப் படித்துவிட்டு உங்கள் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். அது தாய்க்கும் அயோடின் இல்லாமல், பிள்ளைக்கும் அயோடின் இல்லாமல், இரண்டு சுரப்பிகளும் ஒன்றுமே செய்ய முடியாமல் போன நிலை. உங்கள் ரிப்போர்ட் சொல்வது வேறு. டிஎஸ்எச் என்பது மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி தைராய்டைப் பார்த்துப் போடுகிற அதட்டல். உங்களுக்கு அது 8.6, கர்ப்பத்தின் தொடக்கத்தில் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். அதட்டல் கூடியிருக்கிறது, ஆனால் அதட்டியதற்குப் பலன் இருக்கிறது, ஏனென்றால் ஃப்ரீ டி4 நார்மல் என்று வந்திருக்கிறது. பிள்ளைக்குப் போய்ச் சேர்வது டி4. அது எட்டாவது வாரத்திலும் உங்கள் ரத்தத்தில் இருந்திருக்கிறது. அப்புறம் இரண்டு வாரம் மாத்திரையும் போட்டிருக்கிறீர்கள். தைராக்ஸின் நிறுத்தியவுடன் மறைந்துவிடுகிற மருந்து அல்ல, ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஏழு நாள் ஆகும். ஆக இந்த மூன்று வாரம் உங்கள் பிள்ளை ஹார்மோனே இல்லாமல் கிடக்கவில்லை. உங்கள் சுரப்பி கொடுத்துக்கொண்டுதான் இருந்தது, மாத்திரையின் மிச்சமும் கொஞ்ச நாள் ஓடியது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் சொல்லிவிடுகிறேன், யாராவது அரைகுறையாக எடுத்துக்காட்டி மறுபடி பயமுறுத்தக் கூடாது. 1999-இல் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஆய்வுதான் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. கர்ப்பத்தில் தைராய்டு குறைபாடு இருந்தும் மருந்து எடுக்காத 48 பெண்களின் பிள்ளைகளை ஏழிலிருந்து ஒன்பது வயதுக்குள் சோதித்தபோது, நுண்ணறிவு ஈவு மற்றக் குழந்தைகளைவிடச் சராசரியாக 7 புள்ளி குறைவாக இருந்தது. அந்தத் தாய்மார்களில் பலருக்கு உங்களைவிடக் கூடுதலான குறைபாடு, அதுவும் கர்ப்பம் முழுக்கச் சிகிச்சையே இல்லாமல் போனது. அப்புறம் லேசான குறைபாடு உள்ளவர்களை வைத்து இரண்டு பெரிய ஆய்வுகள் வந்தன. 2012-இல் பிரிட்டனும் இத்தாலியும் சேர்ந்து செய்ததில், சிகிச்சை கொடுத்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு மூன்று வயதில் நுண்ணறிவு ஈவு சராசரியாக 99.2, கொடுக்காதவர்களின் பிள்ளைகளுக்கு 100. வித்தியாசம் இல்லை. 2017-இல் அமெரிக்காவில் ஐந்து வயதுவரை தொடர்ந்து பார்த்ததிலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் வரவில்லை. இரண்டிலும் மாத்திரையைத் தொடங்கியதே தாமதம், சராசரியாக ஒன்றில் 13 வாரத்தில், மற்றதில் 17 வாரத்தை ஒட்டி, அதனால் முதல் மூன்று மாதம் பற்றிய கேள்விக்கு அவை முழுப் பதில் தரவில்லை. ஆனாலும் உங்களுக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. உங்களைப்போல லேசான குறைபாட்டோடு, மாத்திரையே இல்லாமல் கர்ப்பத்தைக் கடந்த நூற்றுக்கணக்கான பெண்களின் பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்ந்திருக்கிறார்கள். மூன்று வார இடைவெளியால் உங்கள் பிள்ளையின் மூளை கெட்டுவிட்டது என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இதைக் காரணம் காட்டிக் கருவைக் கலைத்துவிடலாமா என்று யாராவது வாயெடுத்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

அப்படியானால் மாத்திரை எதற்கு என்று கேட்பீர்கள். உங்களுக்கு ஆன்ட்டி டிபிஓ பாசிட்டிவ், அதாவது உங்கள் உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. கர்ப்பத்தில் தைராய்டு வழக்கத்தைவிடப் பாதி அளவு வரை கூடுதலாகச் சுரக்க வேண்டியிருக்கும். தாக்குதலுக்கு ஆளான சுரப்பி எட்டாவது வாரத்தில் சமாளித்தது என்பதற்காக இருபதாவது வாரத்திலும் சமாளிக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அது மட்டுமல்ல, ஆன்ட்டி டிபிஓ இருந்து டிஎஸ்எச்சும் கூடினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் இரண்டுக்கும் வாய்ப்பு கூடுகிறது. குறைமாதத்தில் பிறப்பதே பிள்ளையின் மூளைக்குச் சோதனை. அதனால்தான் உங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரை கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன, உங்கள் டாக்டர் செய்தது முற்றிலும் சரி.

இரண்டு மாத்திரை ஏன் வேண்டாம்? ஹாலந்தின் ரோட்டர்டாமில் ஆயிரக்கணக்கான தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். தாயின் டி4 குறைந்த பக்கம் மட்டுமல்ல, மிகவும் கூடிய பக்கமும் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் கொஞ்சம் குறைவாகவே இருந்தது, மூளையின் சாம்பல் நிறப் பகுதியின் அளவும் அப்படியே. சாம்பாரில் உப்பு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும் என்பதுபோல் இதற்கும் ஒரு அளவு உண்டு. விட்ட மூன்று வாரத்தை இரட்டிப்பு மாத்திரையால் திரும்பப் பிடிக்க முடியாது, உங்களுக்குப் படபடப்பும் கைநடுக்கமும்தான் வரும்.

மாத்திரையை எப்படிப் போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுந்தவுடன் வெறும் வயிற்றில், தண்ணீரில் மட்டும். அப்புறம் காபிக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் இதோடு சேர்ந்தால் தைராக்ஸின் குடலிலேயே மாட்டிக்கொண்டு ரத்தத்துக்குப் போகாது, அதனால் அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி கட்டாயம். டோஸ் கூட்டிக் கூட்டிப் பார்த்தும் டிஎஸ்எச் இறங்காமல் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பதே இதைத்தான், பாதிப் பேர் மூன்று மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் விழுங்குகிறவர்கள். காலையில் மசக்கை வாந்தி அதிகம் என்றால் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாம், தவறில்லை. டப்பாவை அடுப்பங்கரை அலமாரியில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. ஒருநாள் மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, புரோஜெஸ்டிரோன். செய்தியில் ஆண் சாயல், பெண் சாயல் என்று வந்த கதைக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. 1950-களில் கரு கலையாமல் இருக்கக் கொடுத்த சில செயற்கை மருந்துகள், ஆண் ஹார்மோனின் அமைப்பிலிருந்து தயாரித்தவை, சில பெண் குழந்தைகளின் வெளிப் பிறப்புறுப்பை ஆண் உறுப்பின் சாயலில் மாற்றியது உண்மை. டிஈஎஸ் என்கிற செயற்கை ஈஸ்ட்ரோஜென் அதைவிட மோசம், கர்ப்பத்தில் அதை எடுத்த தாய்மார்களின் மகள்களுக்கு இளம் வயதிலேயே அரிய வகைப் புற்றுநோய் வருவது 1971-இல் தெரிந்து, அமெரிக்க அரசு கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அதே வருடம் எச்சரித்தது. இன்று கசிவுக்குப் பரவலாகக் கொடுக்கிற இயற்கை வகைப் புரோஜெஸ்டிரோன் அந்தக் குடும்பம் அல்ல, உங்கள் சினைப்பையும் நஞ்சுக்கொடியும் சுரக்கிற அதே பொருள். பிரசவத்தை ஒட்டிய காலத்தில் நஞ்சுக்கொடி ஒரு நாளைக்கு 250 மில்லிகிராம் வரைகூடத் தானே சுரக்கும். அதனால் இதுவரை எடுத்ததற்குக் கலங்க வேண்டாம். ஆனால் எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. நம் ஊரில் இந்த மாத்திரையைத் தேவைக்கு மேல் எழுதுகிறோம், ஏழு மாதம் வரை இழுத்துக்கொண்டு போகிறோம். பிரிட்டனில் கசிவு வந்த 4,000-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், மொத்தமாகப் பார்த்தால் பெரிய பலன் இல்லை, ஏற்கனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களுக்குத்தான் தெளிவான பலன் தெரிந்தது. அதிலும் 16 வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு 14 வாரம், முதல் கர்ப்பம். கசிவு நின்றுவிட்டதென்றால், இதை எப்போது நிறுத்தலாம் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பிசிஓடி, ஆட்டிசம் விஷயம். பிசிஓடி உள்ளவர்களுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அது பிள்ளைக்குப் போகுமா என்பதுதான் கேள்வி. கருவில் கிடைக்கிற டெஸ்டோஸ்டிரோன் பிற்கால நடத்தையை வடிவமைக்கும் என்று 1959-இல் கினிப்பன்றிகளில் காட்டினார்கள், அன்றிலிருந்து இது பெரிய ஆராய்ச்சித் துறை. மனிதர்களில் நமக்குக் கிடைக்கிற தெளிவான உதாரணம், அட்ரினல் சுரப்பியின் பிறவிக் கோளாறால் கருவிலேயே மிக அதிக ஆண் ஹார்மோன் சுரந்த பெண் குழந்தைகள். அவர்கள் விளையாடும்போது கார், கட்டைகள் பக்கம் மற்றப் பெண் குழந்தைகளைவிட அதிகம் சாய்கிறார்கள், அவ்வளவுதான், பெரும்பாலோர் பெண்ணாகவே தங்களை உணர்ந்து வளர்கிறார்கள். அவ்வளவு அதிக அளவே அவ்வளவுதான் செய்கிறது. உங்கள் ரத்தத்தில் இருக்கிற சிறு உபரியையோ நஞ்சுக்கொடியில் இருக்கும் ஒரு நொதி பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜெனாக மாற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆட்டிசத்தைப் பொறுத்தவரை 2018-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பிரிட்டன் மருத்துவப் பதிவுகளை வைத்துப் பார்த்ததில், பிசிஓடி உள்ள தாய்மார்களின் முதல் பிள்ளைகளில் 2.3 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்களின் பிள்ளைகளில் 1.7 சதவீதத்தினருக்கும் ஆட்டிசம் இருந்தது. அதாவது பிசிஓடி உள்ள 100 தாய்மார்களின் முதல் பிள்ளைகளில் 97 பேருக்கு மேல் அது இல்லை. அப்படியே ஒரு பிள்ளை ஆட்டிசத்தோடு பிறந்தாலும் அது தாய் செய்த தப்பு அல்ல, இதை அத்தையிடமும் நாத்தனாரிடமும் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கவலைப்படுவதால் பாதிப்பு வருமா என்று கேட்டிருந்தீர்கள். கர்ப்பிணியிடம் "கவலைப்படாதே, பிள்ளைக்கு ஆகாது" என்று சொல்வதைப்போல அவளை வாட்டுகிற பேச்சு வேறு இல்லை, கவலைக்கு மேல் குற்றவுணர்வும் சேர்ந்துகொள்ளும். மன அழுத்தத்தில் கூடுகிற கார்டிசாலில் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியே செயலிழக்கச் செய்துவிடுகிறது, அதற்கென்று தனி நொதி இருக்கிறது. சில ராத்திரி அழுததால் பிள்ளையின் மூளை பாழாகாது. ஆனால் தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை உங்கள் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள், பிள்ளைக்காக என்பதைவிட உங்களுக்காகவே.

உப்பு. உங்களுக்குத் தைராய்டு வந்ததற்கு உப்பு காரணம் இல்லை, ஆன்ட்டி டிபிஓ பாசிட்டிவ் என்றால் காரணம் எதிர்ப்புச் சக்தியின் தாக்குதல். ஆனால் பிள்ளைக்கு அயோடின் வேண்டுமே. கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவுக்கு இந்த வழியைக் காட்டியதே இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசாமி தொடங்கிய ஆய்வு, உப்பில் அயோடின் கலந்த பகுதிகளில் முன்கழுத்துக் கழலை மளமளவென்று குறைந்ததை அவர் காட்டினார். அப்புறம் நாடு முழுக்கத் திட்டம் வந்தது. ஆனால் 2018-19-இல் நாடு தழுவி எடுத்த கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுக்க 76.3 சதவீதம், தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களிலேயே கடைசி. இவ்வளவு மருத்துவ வசதி உள்ள மாநிலத்துக்கு இது பெரிய குறை. உப்பு விளைகிற ஊரிலேயே இருப்பவர்கள், பாத்தியிலிருந்து அப்படியே வருகிற கல் உப்பு சுத்தமானது, பாக்கெட் உப்புதான் ரசாயனம் என்று நினைக்கிறார்கள். கடல் தண்ணீரில் விளைந்தாலும் அந்த உப்பில் அயோடின் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கல் உப்புதான் கைக்குப் பழக்கம் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில் கிடைக்கிறது, பாக்கெட்டில் சிரிக்கிற சூரியன் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடிபோட்ட டப்பாவில், அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள், குழம்பு கொதித்து இறக்குகிற சமயத்தில் போடுங்கள். உப்பைக் கூட்டிச் சாப்பிடத் தேவையில்லை, மாற்றிச் சாப்பிட்டால் போதும். மீன், முட்டை, பால் மூன்றிலும் அயோடின் உண்டு. கடல்பாசி மாத்திரை, அயோடின் சொட்டு மருந்து என்று எதையும் நீங்களாக வாங்காதீர்கள், அளவு மீறினால் பிள்ளையின் சுரப்பியே அடங்கிப்போகும்.

இனிமேல் செய்ய வேண்டியது. இருபதாவது வாரத்தைத் தாண்டும்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச், அப்புறம் முப்பதாவது வாரத்தை ஒட்டி ஒருமுறை. மாத்திரையோடு அது 2.5-க்குக் கீழே நிற்க வேண்டும் என்பதுதான் இலக்கு, அதற்காக டோஸ் நடுவில் கூட்டப்பட்டால் நிலைமை மோசமாகிவிட்டது என்று எண்ண வேண்டாம், வயிறு வளர வளரத் தேவையும் வளரும். ஐந்தாம் மாத ஸ்கேனில் மூளையின் அமைப்பைப் பார்ப்பார்கள், அறிவை எந்த ஸ்கேனும் அளக்காது, அதற்காக என்று யாராவது கூடுதல் டெஸ்ட் எழுதினால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். (உங்கள் கடிதத்தைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: ஏற்கனவே தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நாள் தள்ளிப்போனது உறுதியானதுமே டாக்டரைப் பாருங்கள், பெரும்பாலும் அந்த மாதமே டோஸ் கூட்ட வேண்டியிருக்கும்.)

பிள்ளை பிறந்தபின் ஒரு டெஸ்ட் மட்டும் விடக் கூடாது. நம் நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளில் ஒன்று தைராய்டு வேலை செய்யாமல் பிறக்கிறது, தாய்க்குத் தைராய்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும். வயிற்றில் இருக்கும்வரை தாயின் டி4 அதைக் காப்பாற்றிக் கொடுக்கும், பிறந்தவுடன் அந்த வரத்து நின்றுவிடும், பார்வைக்குக் குழந்தை கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து மருந்து ஆரம்பித்தால் மற்றக் குழந்தைகளைப்போலவே வளரும். பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள், அதுதான் டெஸ்ட். எல்லா ஆஸ்பத்திரியிலும் தானாக எடுத்துவிடுவதில்லை, கேட்டு எடுக்கச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் ஆகும்போது ரிப்போர்ட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகு எவ்வளவு எடுப்பது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள், பெரும்பாலும் குறைப்பார்கள். ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் மறுபடி பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போது இந்த மாத்திரை எடுப்பதால் பிள்ளைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.